'கிழக்காசிய அதிசயம்': பணம் கொடுத்தவர் கேட்டதும் கிடைத்ததும்

உலக வங்கி 1993-ல் வெளியிட்ட 'கிழக்காசிய அதிசயம்' அறிக்கையை இன்னிக்கு யாரும் முழுசாகப் படிப்பதில்லை. மேற்கோள் காட்ட மட்டும் எடுக்கிறார்கள். அரசு தலையிடணும் என்பவரும் எடுக்கிறார், கூடாது என்பவரும் எடுக்கிறார். ரெண்டு பேருக்குமே அதில் வரி கிடைக்கிறது. இது எப்படி என்று பார்க்க, அறிக்கை எழுதப்பட்ட கதைக்குப் போகணும்.

எண்பதுகளின் நடுவில் ஜப்பான் உலக வங்கியின் இரண்டாவது பெரிய பங்குதாரர் ஆகிவிட்டது. பணம் கொடுக்கும் இடத்தில் இருந்தது, கொள்கை சொல்லும் இடத்தில் இல்லை. ஜப்பானின் வெளிநாட்டு உதவி நிதியம் தேர்ந்தெடுத்த தொழில்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்து வந்தது. நிதித்துறைச் சீர்திருத்தத்தைக் கெடுக்கிறது என்று வங்கி அதை ஆட்சேபித்தது. ஜப்பானியர்களுக்கு இது கோபம் வரக்கூடிய விஷயம்தான். தாங்கள் முன்னேறிய வழியையே தப்பு என்று ஒரு நிறுவனம் சொல்கிறது, அதுவும் தங்கள் பணத்தையும் வைத்துக்கொண்டு! 1991-ல் அந்த நிதியம் வங்கியின் கட்டமைப்புச் சீரமைப்புக் கொள்கையை வெளிப்படையாக விமர்சித்து ஓர் அறிக்கை போட்டது. பிறகு ஜப்பான் நிதி அமைச்சகம் செலவை ஏற்றுக்கொள்ள, வங்கியே கிழக்காசியாவை ஆராயப் புறப்பட்டது.

வந்த முடிவு இது. எட்டு நாடுகளும் வளர்ந்ததற்கு அடிப்படைகளைச் சரியாக வைத்திருந்ததுதான் காரணம்: கட்டுக்குள் இருந்த பணவீக்கம், தொடக்கக் கல்வி, சேமிப்பு, ஏற்றுமதி. வழிநடத்தப்பட்ட கடன் ஜப்பான், கொரியா போன்ற சில இடங்களில் பலன் தந்திருக்கலாம். ஆனால் குறிப்பிட்ட தொழில்களைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் கொள்கை பொதுவாக வேலை செய்யவில்லை, மற்ற நாடுகள் அதைப் பின்பற்ற வேண்டாம். ஜப்பானுக்குக் கொஞ்சம், வாஷிங்டனுக்கு மிச்சம்.

இதில் என் சண்டை முடிவோடு இல்லை, முடிவுக்கு வந்த சோதனையோடு. அரசு ஊக்குவித்த தொழில்களில் உற்பத்தித்திறன் மற்ற தொழில்களைவிட வேகமாக வளர்ந்ததா என்று பார்க்கிறார்கள். பெரிய வித்தியாசம் இல்லை, ஜவுளி போன்ற தொழில்களும் நன்றாக வளர்ந்தன. ஆக, கொள்கை தோல்வி. முதல் கோளாறு, கொரியாவில் ஜவுளியே அரசு ஊக்குவித்த தொழில்தான். ரெண்டாவது இன்னும் பெரிசு. போஹாங் எஃகு ஆலையை எடுத்துக்கொள்வோம். அறுபதுகளின் கடைசியில் இது தேறாது என்று உலக வங்கி கைவிரித்த திட்டம் அது. ஜப்பான் கொடுத்த இழப்பீட்டுப் பணத்தின் உதவியோடு கட்டி, 1973-ல் உற்பத்தி தொடங்கினார்கள். அங்கிருந்து கிடைத்த எஃகின் பலன் கப்பல் கட்டும் துறையிலும் கார்த் துறையிலும் போய் விழும். எஃகுக் கணக்கை மட்டும் பார்த்தால் அந்தப் பலன் எங்கே தெரியும்? பலன் துறை விட்டுத் துறை பரவணும் என்பதற்காகவே போட்ட கொள்கையை, துறைகளைத் தனித்தனியாக நிறுத்தி அளந்திருக்கிறார்கள். டானி ராட்ரிக் 1994-லேயே இந்த அறிக்கையைக் கடுமையாக விமர்சித்துவிட்டார்.

ராபர்ட் வேட் 1996-ல் எழுதிய கட்டுரைதான் இந்த வரலாற்றை வெளியே கொண்டுவந்தது. அவரே முன்பு வங்கியில் வேலை பார்த்தவர். அவர் வாதம் சுருக்கமாக: யாரும் சதி செய்யவில்லை. வங்கி மூலதனச் சந்தையில் பத்திரம் விற்றுப் பிழைக்கிறது, அமெரிக்கா முதல் பங்குதாரர், பொருளியலாளர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள். வரைவு ஒவ்வொரு மேசையாகத் தாண்டும்போது ஓரங்கள் தேய்கின்றன. நம்ம ஊர் அரசுக் கமிட்டி அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேடிடம் எனக்கு ஒரு குறை உண்டு. வங்கி ஏன் அப்படி எழுதியது என்று காட்டும் அக்கறையில், ஜப்பான் தரப்பின் வாதம் எவ்வளவு பலமானது என்ற கேள்வியைக் கொஞ்சம் லேசாக விட்டுவிடுகிறார். அரசு கடனை வழிநடத்தினால் நாடு வளர்ந்துவிடுமா? இந்தியா 1969-ல் வங்கிகளைத் தேசியமயமாக்கியது, முன்னுரிமைத் துறைகளுக்குக் கடன் ஒதுக்கியது, இறக்குமதியைத் தடுத்தது. கொரியா ஆகவில்லை. பார்க் சுங் ஹீ வங்கிகளைப் பிடித்தது 1961-ல். ஆனால் சலுகைக் கடன் வாங்கிய கம்பெனி ஏற்றுமதி இலக்கை எட்டணும், எட்டாவிட்டால் அடுத்த கடன் சந்தேகம்தான். நம்மிடம் லைசென்ஸ் கிடைத்ததே பரிசு, அதற்குப் பிறகு யாரும் கணக்கு கேட்கவில்லை. கொடுத்ததற்குத் திருப்பிக் கேட்கும் திறன் ஓர் அரசுக்கு எங்கிருந்து வருகிறது என்பதுதான் உண்மையான ஆய்வுக் கேள்வி. ஆலிஸ் ஆம்ஸ்டன் கொரியா பற்றிய தன் 1989 நூலில் இதைப் பிடித்துவிட்டார். பார்க்கின் திறனில் சர்வாதிகாரத்துக்கும் பங்கு உண்டு, தொழிற்சங்கங்களை நசுக்கியதும் அதே கைதான். 'கொரியா மாதிரி செய்யணும்' என்பவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப் போவது எனக்குப் பிடிப்பதில்லை.

அறிக்கையைப் படிக்க நினைப்பவர்கள் முன்னுரையையும் சுருக்கத்தையும் விட்டுட்டு, ஏற்றுமதிப் போட்டியை அரசுகள் எப்படி நடத்தின என்று விவரிக்கும் பக்கங்களிலிருந்து ஆரம்பிக்கலாம். சுருக்கத்தில் காணாமல் போன நிறைய விஷயம் அங்கே அப்படியே கிடக்கிறது.