ஒரு சதுரத் தாள் போதும்

1893இல் சென்னையில் ஓர் ஆங்கிலப் புத்தகம் வெளிவந்தது. தாள் மடிப்பில் வடிவியல் பயிற்சிகள் என்று அதன் தலைப்புக்குப் பொருள். எழுதியவர் டி. சுந்தர ராவ். கவராயமும் பாகைமானியும் இல்லாமல் தாளை மடித்தே வடிவியல் கற்கலாம் என்று காட்டியவர்.

ஒரு சதுரத் தாளை நெடுக்குவாட்டில் சரிபாதியாக மடித்துப் பிரியுங்கள். கீழ் இடது மூலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, வலது மூலையைத் தூக்கி அந்த நடுக்கோட்டின் மேல் படும்படி மடித்து, நகத்தால் அழுத்துங்கள். மூலை தொட்ட இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியும் கீழ் மூலைகள் இரண்டும் சேர்ந்தால் சமபக்க முக்கோணம்! ஏன் என்று கேட்டால் தாளே பதில் சொல்லும். தூக்கிய விளிம்பு கீழ் விளிம்பேதான், நீளம் மாறவில்லை. நடுக்கோட்டின் எந்தப் புள்ளியும் இரு மூலைகளுக்கும் சம தூரம். பள்ளியில் நான் உருப்போட்ட நிரூபணம் எதுவும் இப்படிக் கைக்குள் வந்து உட்கார்ந்ததில்லை.

ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் இந்நூலைக் குறிப்பிட்டு எழுதினார்; 1901இல் அமெரிக்கப் பதிப்பும் வந்தது.

ஆசிரியர்களே, அடுத்த வடிவியல் வகுப்புக்குப் பழைய தாள்களைச் சதுரமாக வெட்டி எடுத்துப் போங்கள்.