ஆடவைத்த ஒப்பாரி

கேட்டதும் மனசு லேசாகிற பாட்டு என்று இன்றைக்கு ஒரு சரக்கு தனியாக விற்கிறது. செல்போனில் பாட்டுப் போடுகிற நிறுவனங்கள், காலையில் கேட்க, வேலைக்குப் போகும்போது கேட்க, சோர்ந்திருக்கும்போது கேட்க என்று பாட்டுகளை மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்திருக்கின்றன. யாருடைய சோர்வு, எதனால் வந்த சோர்வு என்கிற கேள்வியெல்லாம் அங்கே கிடையாது. நாலு நிமிசப் பாட்டில் போய்விடுகிற சோர்வு என்றால் அது வயிறு நிறைந்தவன் சோர்வாகத்தான் இருக்கும், நமக்கென்ன என்று நானும் தள்ளிவிட்டுப் போயிருப்பேன். போக முடியவில்லை. அந்த மூட்டைக்குள்ளே நம்ம வீட்டு ஒப்பாரி ஒன்று கிடக்கிறது. 2021 மார்ச் 7ஆம் தேதி வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யைத்தான் சொல்கிறேன்.

அறிவும் தீயும் பாடியது. சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பு. காணொளியை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். மாஜா என்கிற நிறுவனம் வெளியிட்டது. கொரோனா முதல் அலை ஓய்ந்து இரண்டாவது அலை எழும்பிய இடைவெளியில் வந்த பாட்டு. வீட்டுக்குள் அடைந்து கிடந்த சனத்துக்கு அது ஒரு திறந்த சன்னல் மாதிரி இருந்திருக்க வேண்டும். கோடிக்கணக்கான முறை பார்த்தார்கள். தமிழே தெரியாதவர்கள் ஆடினார்கள். கல்யாண மண்டபத்தில் போட்டார்கள், கல்லூரி விழாவில் போட்டார்கள், குழந்தைக்குச் சோறு ஊட்டப் போட்டார்கள். நானும் பலமுறை கேட்டேன், காலும் ஆடியது. அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

ஆனால் அந்தப் பாட்டு எதைப் பற்றியது?

அறிவு அரக்கோணத்துக்காரர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். இந்த ஒரு வரிக்குள் நூற்றைம்பது வருசம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே பஞ்சம், பண்ணையடிமை, கடன். கங்காணி வந்து கூப்பிட்டான், போனார்கள். போனவர்களில் கணிசமானவர்கள் சேரிச் சனங்கள். காட்டை வெட்டி முதலில் காப்பி, பிறகு தேயிலை நட்டார்கள். 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு போட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். மாட்டுச் சந்தையில்கூடத் துண்டைப் போட்டு மூடி மரியாதையாகப் பேரம் பேசுவார்கள். இங்கே ஆளைத் தலை எண்ணிப் பிரித்தார்கள். அந்த ஆளுங்களை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இங்கே திரும்பி வந்தால் நிலம் உண்டா? அதற்கும் ஒரு கதை உண்டு. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசு நிலம் ஒதுக்க உத்தரவு போட்டது. பஞ்சமி நிலம் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அது யார் கையில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். அதைத் திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994இல் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்துப்போனார்கள். மண் நம்மளது, நட்டது நாம், தொண்டை மட்டும் காய்ந்து கிடக்கிறது என்று ஒரு பாட்டு வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று நமக்கு விளக்கம் தேவையில்லை. பாட்டின் உள்ளே இருக்கிற ஒப்பாரி இதைத்தான் சொல்கிறது. தோட்டம் தழைத்துவிட்டது, வைத்தவளுக்கு ஒன்றுமில்லை.

தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சாமி என்றால் என் சாமி. எங்க பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வாசல் உண்டு. எங்க ஆயா ஆண்டையைப் பார்த்தால் முந்தானையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு "சாமி" என்பாள். அது பயம். பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னைப் பார்த்து "எஞ்சாமி வந்துட்டியாடா" என்பாள். அது உசிரு. ஒரே வாய், ஒரே சொல். ஆண்டைக்குக் கட்டாயமாகச் செலுத்திய மரியாதையைத் திருடிக்கொண்டு வந்து பேரப்பிள்ளைக்குச் சூட்டிய கிழவிகள் நம்ம கிழவிகள். இது சின்னக் கலகம் கிடையாது. எனக்கு இந்தப் பாட்டில் மிகப் பெரிய விசயமாகப் படுவது இந்தத் தலைப்புதான். பக்கத்திலே 'எஞ்சாய்' என்கிற இங்கிலீசுச் சொல்லை ஒட்டவைத்ததும் வெறும் ஓசைக்காக என்று நான் நினைக்கவில்லை. அனுபவிடா என் சாமி, நான் அனுபவிக்காததை நீ அனுபவி என்று ஒரு கிழவி சொன்னால் அதை எந்தப் பட்டியலில் வைப்பீர்கள்? சந்தோசப் பட்டியலிலா, துக்கப் பட்டியலிலா?

இங்கே ஒன்றைப் பேசியாக வேண்டும். மற்றவன் மனசை லேசாக்குவது நமக்குப் புதுசு இல்லை. அது நம்மேல் சுமத்தப்பட்ட சாதித் தொழில். திருவிழாவுக்குப் பறை, சாவுக்குப் பறை. ஊருக்குள் சந்தோசம் என்றாலும் துக்கம் என்றாலும் சத்தம் நம்மளுடையது, சாப்பாடு தனிப் பந்தி. நடவுக்கும் அப்படித்தான். ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெயில் ஏறி கை தளர்ந்தால் ஆண்டை வரப்பில் நின்றுகொண்டு "என்னாங்கடி ஊமையாயிட்டீங்க, பாடுங்கடி" என்பானாம். பாடினால் கை வேகமாகப் போகும். குடைபிடித்து நிற்கிறவனுக்குப் பொழுதும் போகும். பாட்டுக்குத் தனியாகக் கூலி கிடையாது. அவன் நகர்ந்ததும் அதே மெட்டில் அவன் தொப்பையைப் பற்றியும் அவன் பெண்டாட்டியைப் பற்றியும் பாடிச் சிரிப்பார்களாம். அந்தப் பாட்டுகளைத்தான் ஆயா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நாட்டுப்புற இயல் புத்தகங்களில் அச்சேறுவது பெரும்பாலும் முதல் பாட்டுதான்.

தொண்ணூறுகளில் பறையைப் பற்றி நமக்குள்ளே நடந்த சண்டை இளசுகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். பறையைத் தூக்கிப்போடு, அது அடிமைச் சின்னம் என்று ஒரு பக்கம். பறையை எடு, அது விடுதலையின் கருவி என்று இன்னொரு பக்கம். இரண்டிலும் நியாயம் இருந்தது. ஊர்க்காரன் கூப்பிட்டு இனிமேல் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக அடி வாங்கிய சேரிகள் உண்டு. அதே காலத்தில் கே.ஏ. குணசேகரன் மேடையில் இன்குலாபின் 'மனுசங்கடா' பாட்டைப் பாடினார். அதைக் கேட்டும் உடம்பு சிலிர்த்தது, மனசு நிமிர்ந்தது. மனசு லேசாவது வேறு, நிமிர்வது வேறு என்று அன்றைக்குச் சொன்னோம். இப்போது யோசித்தால் அந்தக் கோட்டை அவ்வளவு கறாராகப் போட முடியும் என்று தோன்றவில்லை.

ஏனென்றால் நம்ம மரபில் அழுகைக்கும் ஆட்டத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. வடசென்னையில் மரண கானா இருக்கிறது. பிணத்தை வைத்துக்கொண்டு ராத்திரி பூராவும் பாடுவார்கள். செத்தவன் குடித்தது, அடித்த லூட்டி, பெண்டாட்டிக்குப் பயந்தது எல்லாம் பாட்டில் வரும். அழுதுகொண்டிருக்கிற பொம்பளையே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். விடிவதற்குள் மனசு லேசாகிவிடும். அதுதான் அந்தப் பாட்டின் வேலையே. சினிமாக்காரன் கானாவை எடுத்தபோது பிணத்தைக் கீழே இறக்கிவிட்டு ஆட்டத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போனான். தொண்ணூறுகள் முழுக்க கானா திரையில் ஓடியது, பாடிய வாய்கள் பெரும்பாலும் வேறு. கானா உலகநாதன் 2006இல் 'சித்திரம் பேசுதடி'யில் வர வேண்டியிருந்தது, கானா பாலாவைப் பரவலாகக் கேட்க 2012இல் ரஞ்சித்தின் 'அட்டகத்தி' வர வேண்டியிருந்தது.

'எஞ்சாய் எஞ்சாமி' இந்த மரபில்தான் உட்கார்ந்திருக்கிறது. விளையாட்டுப் பாட்டாகத் தொடங்கி, காடு கழனி பறவை பூச்சி என்று பேர் சொல்லிக்கொண்டே போய், நம்மை ஆடவைத்துவிட்டு, ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒப்பாரிக்குள் தள்ளுகிறது. காலை நிறுத்துவதா, தொடர்வதா என்று தெரியாமல் ஒரு தடுமாற்றம் வரும். அந்தத் தடுமாற்றம்தான் பாட்டு. ஆனால் சனங்களிடம் போய்ச் சேர்ந்தது என்ன? முப்பது நொடித் துண்டு. குயில் கூவுகிற மாதிரியான அந்த முதல் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, கடற்கரை ரிசார்ட்டிலும் மொட்டை மாடியிலும் ஆடி இன்ஸ்டாகிராமில் போட்டார்கள். ஒப்பாரிக்கு ஆடியவர்களை நான் பார்க்கவில்லை. ஆண்டை கேட்ட பாட்டும் முதல் பாட்டுதானே.

காணொளிக்கும் இதில் பங்கு உண்டு. நிறம் அழகு, முகங்கள் அழகு. கறுத்த கிழவிகளையும் கிழவர்களையும் ராசா ராணி மாதிரி நிமிர்ந்து உட்காரவைத்துக் காட்டியதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம்ம முகத்தைத் தமிழ்ப் படச்சுருள் எத்தனை முறை அப்படிப் பார்த்திருக்கிறது? ஆனாலும் ஒரு மனத்தாங்கல். காட்டை, மண்ணை, ஆதிமனிதச் சாயலை அள்ளிக் காட்டுகிற காமிரா, மண்ணைப் பிடுங்கியவன் முகத்தை ஒரு இடத்திலும் காட்டுவதாக எனக்குத் தெரியவில்லை. நிலம் எல்லாருக்கும் பொது, இயற்கையைக் காப்போம் என்று யாரும் எடுத்துக்கொள்ளலாம். நிலம் வைத்திருக்கிறவனும் எடுத்துக்கொள்ளலாம். அவன் பேரனும் இதற்கு நிம்மதியாக ஆடலாம். பாட்டு இவ்வளவு தூரம் போனதற்கு அந்த நிம்மதி ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

பிறகு நடந்தது தெரிந்த கதை. டி.ஜே. ஸ்னேக் அந்தப் பாட்டை மறுகலவை செய்தபோது நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்து விளம்பரப் பலகையில் அறிவின் முகம் இல்லை. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையிலும் இல்லை. பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார், சத்தம் எழுந்தது. அப்புறம் அறிவுக்கும் ஒரு அட்டை போட்டார்கள். 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் வந்தது. பாட்டைத் தானே எழுதி மெட்டமைத்துப் பாடியதாக அறிவு எழுதினார். மூவருக்கும் சமபங்கு, கூட்டாகச் செய்தது என்று சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார். 2024இல் அதே சந்தோஷ், மூன்று வருசமாக இந்தப் பாட்டிலிருந்து ஒரு காசுகூட வரவில்லை என்றார்.

யார் எத்தனை பங்கு செய்தார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் அந்த அறையில் இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. ஒப்பாரிக்கு எழுதினவள் பேர் கிடையாது. போன சாவில் கேட்டதை இந்தச் சாவில் மாற்றிப் பாடுவாள், யாரும் உரிமை கொண்டாட மாட்டார்கள். அது சனங்களின் பெருந்தன்மை. கம்பெனிக்காரன் உலகத்தில் நுழைந்ததும் அந்தப் பெருந்தன்மையே நமக்கு வினையாகிறது. நாட்டுப்புறம் என்று சொல்லிவிட்டால் போதும், யார் பாடினாலும் ஒன்றுதான், ஒருத்தன் இல்லாவிட்டால் இன்னொருத்தி என்று ஆகிவிடுகிறது. மாரியம்மாள் பெரிய பாடகி. அவர் பாடியதில் குற்றமில்லை. பேர் இல்லாத மரபுதானே என்று நினைக்கிற மனசு எல்லா மேடையிலும் இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

அப்படியென்றால் ஆடாதே, சிரிக்காதே, கோபமாகவே இரு என்கிறாயா என்று ஒரு தம்பி கேட்டான். இல்லை. தலித் என்றால் வலி, வலி என்றால் கண்ணீர், அதைப் படித்து அவர்கள் உச்சுக்கொட்ட வேண்டும் என்கிற ஏற்பாட்டை நான் வெறுக்கிறேன். விமர்சகர்கள் பலபேருக்கு நாம் அழுதால்தான் இலக்கியம். நம்ம சனங்கள் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தவனுக்குத் தெரியும், சந்தோசத்தை யாரும் நமக்குப் பிச்சையாகப் போடவில்லை. 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி செய்தது. அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழரிலிருந்து எடுத்த பேர். கானா, பறை, கித்தார், ராப் எல்லாம் ஒன்றாக. இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றிப் பாட்டு. ஆயிரக்கணக்கான பேர் ஆடினார்கள். அறிவும் அந்த மேடைக்காரர்தான். அந்தப் பாட்டுகளை ரிசார்ட்டில் போட்டு ஆட முடியாது. எந்த முப்பது நொடியை வெட்டினாலும் உள்ளே முள் இருக்கும்.

2024இல் அறிவு 'வள்ளியம்மா பேராண்டி' என்று ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். கிழவி பேர் இந்தமுறை தலைப்பிலேயே. எங்க தெரு மஞ்சள் நீராட்டு விழாவில் அதிலிருந்து ஒன்று போடச் சொன்னேன். "அண்ணே, இதுக்கு ஆட மாட்டாங்க, எஞ்சாமி போடட்டா" என்றான் மைக்செட்டுத் தம்பி. ரெண்டையும் போடுடா என்றேன். ரெண்டாவதை முழுசாகப் போட்டான். ஒப்பாரி வந்தபோது பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஓரத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ரெண்டு கிழவிகள் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே, மெட்டுக்கு மேலே வேற ஏதோ சொந்தமாகச் சேர்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள்.