முனிவாகனன் கால் தரையில் படவில்லை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலிருக்கும் திருவரங்கத்தை எல்லாரையும் வரவேற்ற கோயில் என்று சொல்கிறவர்கள் கையில் எப்போதும் இரண்டு சாட்சி இருக்கும். சாதி பாராத நட்புக்குத் திருப்பாணாழ்வார், மதம் பாராத நட்புக்குத் துலுக்க நாச்சியார். இந்தச் சாட்சிகளைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்துதான் பார்ப்போமே.

குருபரம்பரைக் கதை தெரிந்ததுதான். உறையூர்ப் பாணர் ஆற்றங்கரையில் பாடிக்கொண்டு நிற்கிறார். திருமஞ்சனத்துக்குத் தண்ணீர் மொள்ள வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொல்கிறார். பாட்டில் கரைந்தவருக்குக் காது கேட்கவில்லை. கல் பறக்கிறது; நெற்றியில் ரத்தம். அது முனிவருக்கு ரத்தமாவே தெரியல. உள்ளே பெருமாள் நெற்றியில் வழிஞ்ச பிறகுதான் பதறுறார். தூக்கி வா என்று ஆணை. அரங்கத்து மண்ணை மிதிக்க மாட்டேன் என்று பாணரே சொன்னாராம்! முனிவர் தொட்டுத் தோளில் சுமந்தது மீறல்தான், மறுக்கல. ஆனால் போனவர் திரும்பவில்லை. பெருமாளோடு கலந்துவிட்டார். நாச்சியாரும் அப்படியே கலந்தாள். தில்லையில் நந்தன் தீக்குள் போனார். விருந்துக்குப் போனவன் ஊர் திரும்பி, ‘போயிட்டு வந்தேன்’னு சேரியில சொன்னாத்தானே அது வரவேற்பு? ஒருத்தரைச் சுமந்த கதையை ஆயிரம் வருஷமாகச் சொன்ன நாட்டில், மற்றவர்கள் தங்கள் காலால் நடந்து உள்ளே போக 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் போட வேண்டியிருந்தது.

பிறப்பையும் விட்டுவைக்கவில்லை. அவர் நெல்வயலில் கண்டெடுக்கப்பட்டவர், பாணர்கள் வளர்த்தார்கள், அவ்வளவுதானாம். தூக்கியது பாணனையே இல்லை என்று ஆக்கிவிட்டால் தீட்டும் கழிந்தது!

கதையை ஒதுக்கிவிட்டு, அவர் பாடிய அமலனாதிபிரானைப் படித்தால் வேறு ஆள் தெரிகிறார். மொத்தம் பத்துப் பாட்டு. கல் இல்லை, முனி இல்லை, தோள் இல்லை. பாடியவர் பேர்கூட இல்லை. பாதத்தில் தொடங்கி உடை, உந்தி, மார்பு, கழுத்து, வாய், கண் என்று பார்வை மேலே ஏறுகிறது. முதல் பாட்டிலேயே அரங்கனின் பாதம் தானாக வந்து இவர் கண்ணுக்குள் புகுந்துவிடுகிறது. வருகிறவன் அவன், இடம் கொடுக்கிறவர் பாணர். வாசல் இவருடைய கண். யாரும் இவரை உள்ளே விட வேண்டியதில்லை.

இந்தப் பத்துக்கு வேதாந்த தேசிகர் எழுதிய உரையின் பெயர் ‘முனிவாகன போகம்’. பாட்டில் எங்கேயும் இல்லாத முனி, உரையின் தலைப்பில் முதல் ஆளாக வந்து நிற்கிறார்.