புதுச்சேரி வீடுகள்: பத்திரமும் சுவரும்

புதுச்சேரியில் பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீட்டைப் புதுப்பிக்குமுன் அதன் வரலாற்றைத் தேடுவது நல்ல வழக்கம். ஆனால் அந்தத் தேடல் பத்திரத்தில் தொடங்கிப் பத்திரத்திலேயே முடிந்துவிடக் கூடாது.

மூலப்பத்திரம் விற்றவரையும் வாங்கியவரையும் நான்கெல்லையையும் சொல்லும். அந்த மனையில் எப்போது என்ன கட்டினார்கள் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. குடும்பத்தில் வழங்கும் கதைகளையும் உரசிப் பார்க்கவேண்டும். 1761இல் நகரைப் பிடித்த ஆங்கிலேயர் அதைத் தரைமட்டமாக்கினார்கள். 1765க்குப் பிறகுதான் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை போலத் தப்பியவை மிகச் சில. ஆகவே ‘முந்நூறு வருஷத்து வீடு’ என்ற பேச்சைச் சான்றில்லாமல் ஏற்க முடியாது.

தமிழர் தெருக்களில் கீழே திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும், மேலே பிரெஞ்சு பாணித் தூண்களும் வளைவுச் சன்னல்களுமாகப் பல வீடுகள் நிற்கின்றன. இவற்றில் எது ‘பழைய’ வீடு? ஒரே காலத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கே திருப்புகிறேன் என்று இறங்கினால், பின்னால் வந்த தலைமுறையின் வேலையை இடிக்க நேரும். வரலாற்றின் பெயரால் நடக்கும் அந்த இடிப்பும் அழிவுதான்.

ஆய்வு உண்மையில் கைகொடுப்பது சுவரைப் படிக்கும்போது. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்புப் பூக்கும், செங்கல் பொரிந்து உதிரும். எந்த அறையில் பிற்காலத்தில் சிமெண்ட் பூசினார்கள், மர உத்தரங்களின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையில் எந்த உத்தரத்தை மாற்றினார்கள், எங்கே ஒழுகிக்கொண்டிருந்தது என்பதெல்லாம் வீட்டுப் பெரியவர்களுக்கும் அங்கே வேலை பார்த்த கொத்தனாருக்கும் தெரியும். முதல் உரிமையாளரின் பெயரைவிட இந்தத் தகவல்தான் வீட்டைக் காப்பாற்றும். இதை எழுதிவைப்பார் இல்லை என்பதுதான் வருத்தம்.

தனி வீட்டோடு நிற்கும் ஆய்வுக்கு இன்னொரு குறையும் உண்டு. வைசியாள் வீதியின் முகப்புகளை ஒரு தெருவாகப் பார்த்துச் சீரமைத்தார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது அந்தப் பணிக்குக் கிடைத்தது. அடுத்த வீட்டுத் திண்ணையையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம் வீட்டுத் திண்ணையின் உயரமும் சார்ப்பின் சரிவும் விளங்கும்.

ஆய்வுக்குக் கெடுவும் வேண்டும்; கட்டடம் அதற்காகக் காத்திருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய, ‘மேரி’ எனப்படும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்தது. இன்று அங்கே நிற்பது அதே வடிவில் புதிதாகக் கட்டியது. கூரை ஒழுகினால் முதலில் ஒழுக்கை அடைத்துவிடுங்கள். பத்திரத்தை மழை விட்டபிறகு தேடலாம்.