ஆடு தொடாத இலை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலை ஏறிக் கரியாலூருக்குப் போய்த் திரும்புகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். படகுத்துறையையும் அருவியையும் பார்த்து முடித்தவர்களில் சிலர் கையில் தேன் பாட்டில் இருக்கும். வேறு சிலர் ஈரச் சாக்கில் சுற்றிய செடி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இறங்குவார்கள். நானும் ஒருமுறை அப்படி ஒரு நன்னாரியைக் கொண்டு வந்தேன். இருபது நாளில் செத்துப்போனது.

வீட்டுக் கொல்லையிலோ மொட்டை மாடியிலோ மூலிகை வளர்ப்பது, கடையில் வாங்கும் மருந்து தெளிக்காமல் தோட்டம் போடுவது, காட்டுச் செடிகளைக் கைமருந்தாகப் பயன்படுத்துவது ஆகிய மூன்றும் இன்று ஒரே பழக்கமாகிவிட்டன. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரைப் படித்தவர்கள், சித்த மருத்துவத்தில் பற்றுள்ளவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பால்கனியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்கள் என்று எல்லோரும் இதில் இருக்கிறார்கள். இதில் உண்மையான பலன் நிறைய உண்டு. அந்தப் பலன் எந்த இடத்தில் முடிகிறது என்பதை மட்டும் பலரும் சொல்வதில்லை.

ஆட்டிலிருந்து தொடங்கலாம். ஆடாதோடை என்ற பெயரை 'ஆடு தொடா இலை' என்று விளக்குவார்கள். ஆடுதின்னாப்பாளைக்கு விளக்கமே தேவையில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் மேயும் ஆடு ஒரு செடியை மட்டும் ஒதுக்கினால், அந்த இலையில் ஏதோ ஒன்று இருக்கிறது. இயற்கைத் தோட்டக்காரர்களின் இலைக் கரைசல் முழுக்க இந்த ஒரே அறிவின்மேல்தான் நிற்கிறது. ஒடித்தால் பால் வடியும் எருக்கு, கசக்கும் வேம்பு, வாடையடிக்கும் நொச்சியும் உண்ணிச்செடியும், ஆடு தொடாத ஆடாதோடை என்று ஐந்து வகை இலைகளை இடித்து, மாட்டு மூத்திரத்தில் ஊறவைத்து, வடிகட்டி, ஒரு லிட்டருக்குப் பத்து லிட்டர் தண்ணீர் கலந்து தெளிப்பார்கள். ஓடித் தப்ப முடியாத செடி, தன்னைக் காத்துக்கொள்ள இலையில் சேர்த்து வைத்த கசப்பைக் கத்திரிக்கும் வெண்டைக்கும் நாம் கடன் வாங்கித் தருகிறோம், அவ்வளவுதான்.

கடன் வாங்கிய கசப்பு வேலை செய்கிறது. அசுவினி, இலை தின்னும் இளம் புழு போன்றவற்றை இது விரட்டுகிறது, அல்லது தின்ன விடாமல் செய்கிறது. பெரிய செலவும் இல்லை. வேம்பின் மதிப்பை வெளிநாட்டு நிறுவனங்களும் அறிந்திருந்தன. வேப்பெண்ணெயால் பூஞ்சாணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1994-இல் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. சூழலியலாளர் வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்து வழக்காடியதில் அது 2000-இல் ரத்தானது. மேல்முறையீடும் 2005-இல் தோற்றது. நம் ஊர்க் கிழவிகளுக்குத் தெரிந்த விஷயத்தைப் புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது என்பதற்குச் சட்டமே சாட்சியாயிற்று.

குறைகளும் அதே இலையில்தான் இருக்கின்றன. ஒரு மழை பெய்தால் கரைசல் கழுவிப் போகும், வெயிலில் வீரியம் இழக்கும். இந்த வாரம் இடித்த சாறும் அடுத்த வாரம் இடித்ததும் ஒன்றாக இராது. நாலு தொட்டிக்கு இது பெரிய தொல்லையில்லை, நாலு ஏக்கருக்குத் தொல்லைதான்.

அந்தத் தொல்லைக்கு மரவள்ளி ஓர் உதாரணம். கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் சாமையும் தினையும் இருந்த நிலங்களை அது பிடித்துக்கொண்டது. கிழங்கு சேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. அந்த மரவள்ளியில் 2020 வாக்கில் அயல்நாட்டு மாவுப்பூச்சி ஒன்று புகுந்து குருத்தைச் சுருட்டியது. உடம்பெல்லாம் மெழுகு பூசி, சுருண்ட குருத்துக்குள் ஒளிந்திருக்கும் பூச்சியை எந்த இலைச் சாறு எட்டும்? அதைக் கட்டுப்படுத்த மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து, அந்த மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும் கடுகளவு குளவி ஒன்றை வரவழைத்தார்கள். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனத்தில் வளர்த்து, 2022-இல் கல்வராயன் மலையின் சேலம் பக்கத்து அடிவாரத்தில் உள்ள ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். இதுவும் இயற்கை வழிதான், ரசாயனம் ஒரு சொட்டும் இல்லை. ஆனால் கொல்லையில் இடித்து உண்டாக்கக்கூடியதில்லை. ஆராய்ச்சி நிலையம் வேண்டும், கடல் கடந்த ஒப்பந்தம் வேண்டும், பொறுமை வேண்டும். இயற்கை என்றாலே பாட்டி கைப்பக்குவம் என்று நினைப்பவர்கள் ஏத்தாப்பூரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, இலைக் கரைசலில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் சேர்க்கும் உற்சாகம். ஊமத்தையும் புகையிலையும் செடியில் விளைந்தவைதான். புகையிலையின் நிகோடின் ஒரு காலத்தில் பூச்சிக்கொல்லியாகவே விற்றது. அது அசுவினியைக் கொல்லும்போது, அசுவினியைத் தின்ன வந்த பொறிவண்டையும் சேர்த்துக் கொல்லும். வெறுங்கையால் கலக்குகிறவருக்கு வாந்தியும் மயக்கமும் வரலாம்.

உரத்தைப் பற்றி ஒரு பத்தி போதும். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யா, சுபாஷ் பாலேக்கரின் ஜீவாமிர்தம் ஆகிய மாட்டுச் சாணக் கரைசல்கள் இன்று மாடித் தோட்டம் வரை வந்துவிட்டன. ஒரு ஏக்கருக்கான ஜீவாமிர்தத்தில் சாணம் 10 கிலோ. பச்சைச் சாணத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்குகூடத் தேறாது. அப்படியானால் பத்துக் கிலோவில் ஐம்பது கிராம்கூட இராது. மூத்திரத்தையும் பயறு மாவையும் சேர்த்தாலும் பயிருக்கு வேண்டிய கிலோக் கணக்கோடு இதை ஒப்பிடவே முடியாது. இது உரமல்ல, மண்ணிலுள்ள நுண்ணுயிருக்கு உறைமோர் என்று அவர்கள் சொல்வார்கள். சரி, உறை ஊற்றப் பால் வேண்டுமே? மட்கும் தழையும் தொழுவுரமும் இல்லாத மண்ணில் உறைமோர் மட்டும் ஊற்றிப் பயனில்லை. சமையலறைக் கழிவை ஒழுங்காக மட்கவைக்கிற வீட்டுக்காரி எந்தக் கரைசலும் இல்லாமலே நல்ல தோட்டக்காரி.

இனி மருந்து. சிக்கல் இங்கேதான் அதிகம்.

தூதுவளை, முடக்கத்தான், வல்லாரை, பிரண்டை, முசுமுசுக்கை, கற்பூரவள்ளி ஆகியவை ரசம், துவையல், தோசை என்று சாப்பாட்டோடு உள்ளே போகிறவை. சமையல் அளவே அவற்றுக்கு அளவு. கொல்லையில் இவை இருப்பது நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சளிக்கு ஆடாதோடை என்பதும் வெறும் நம்பிக்கை அல்ல. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை ஆராய்ந்துதான் சளி கரைக்கும் புரோம்ஹெக்சின் மருந்தை உருவாக்கினார்கள். இன்று பல இருமல் சிரப்புகளில் இருக்கும் அம்ப்ராக்சால் அதன் வாரிசு.

ஆனால் சாப்பாட்டைத் தாண்டி, நோய்க்கு மருந்து என்று இறங்கும்போது கணக்கு மாறுகிறது. கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் காமாலைக்கு அதை மோரில் அரைத்துக் குடிப்பது ஊரறிந்த வைத்தியம். 1988-இல் சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, பலருக்குக் கிருமி மறைந்ததாக லான்செட் இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னால் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிட்டவில்லை. இந்தக் கதையின் முதல் பாதியை மட்டும் நம் மேடைகளில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நிலவேம்பிலும் இதே அரைக் கதைதான். 2012-இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு மக்களுக்குக் கொடுத்தது நிலவேம்புக் குடிநீர். அது வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகியவையும் சேர்ந்த ஒன்பது சரக்கு. தொட்டியில் நிலவேம்பு வளர்ப்பவர் அந்த ஒரு செடியை மட்டும் கொதிக்கவைத்துக் குடிநீர் என்று பெயரிடுகிறார். சித்த மருத்துவத்தின் பெருமையே சேர்மானத்திலும் சுத்தியிலும் இருக்கிறது. சுக்கில் தோலையும் கடுக்காயில் கொட்டையையும் நஞ்சென்று நீக்கச் சொன்ன மரபு அது. கடுக்காய் கல்வராயன் காடுகளின் முக்கியச் சரக்கு என்பதால் மலையில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

பெயர்க் குழப்பம் இன்னும் ஆபத்தானது. ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயர், ஒரே பெயரில் இரண்டு மூன்று செடிகள். நிலவேம்பையே சிறியாநங்கை என்று சொல்லும் ஊர்கள் உண்டு, வேறொரு செடியைச் சொல்லும் ஊர்களும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. காரணம், சீன மொழியில் ஏறத்தாழ ஒரே பெயருள்ள இரண்டு வேர்கள் மாறிப்போனதுதான். மாறி வந்த வேர் ஆடுதின்னாப்பாளையின் இனம். நம் ஊரில் பெருமருந்து என்றும் ஈஸ்வரமூலி என்றும் போற்றும் கொடியும் அதே குடும்பம். அவற்றிலுள்ள அமிலம் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பாம்பு வராதென்று வேலியில் அதை வளர்ப்பதில் தவறில்லை. வேரை அரைத்துக் குடிக்கக் கூடாது. ஆடு சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

செங்காந்தளும் இப்படித்தான். மாநிலப் பூ, அழகான பூ, எல்லோரும் நட ஆசைப்படுவார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். அதிலிருந்து எடுக்கும் கோல்சிசின் கவுட் என்ற மூட்டுவாதத்துக்கு மருந்து, அளவு மீறினால் எமன். கிழங்கை உண்ணும் கிழங்கென்று நினைத்துச் சமைத்துத் தின்று செத்தவர்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கொடி வேண்டாம்.

மலை மக்கள் இவற்றையெல்லாம் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று கேட்பவர்கள், ஏன் பயன்படுத்தினார்கள் என்றும் கேட்க வேண்டும். 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை இது. சாலை வந்தது பிற்பாடு. நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வந்த மலையாளிப் பழங்குடியினருக்கு மூலிகை ஒரு வாழ்க்கைமுறைத் தேர்வாக இருந்ததில்லை, வேறு வழியில்லாததால் கைக்கொண்டது. அந்த நெருக்கடியில்தான் அளவும் பருவமும் கூர்மையாக வளர்ந்தன. அந்தக் கூர்மை சாக்கில் சுற்றிய செடியோடு கீழே இறங்குவதில்லை. பாம்புக்கடிக்கு மலையிலும் இன்று நம்ப வேண்டியது விஷமுறிவு மருந்தைத்தான். அதற்கான நஞ்சைச் சேகரித்துத் தருபவர்கள், வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இருளர்கள். அவர்களும் பழங்குடிகள்தான், அவர்களுடையதும் பரம்பரை அறிவுதான். கள்ளக்குறிச்சியில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. பாம்பு கடித்தபின் இலை அரைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கு ஆபத்து.

கடைசியாக, மலைக்கு இதனால் என்ன ஆகிறது? இலை பறித்தால் செடி தழைக்கும். வேரைத் தோண்டினால் செடியே போயிற்று. பாறை இடுக்கில் வளரும் மாகாளிக்கிழங்கு ஊறுகாய்க்கும், நன்னாரிக்குப் போலியாக விற்பதற்கும் தோண்டப்பட்டே அருகிவிட்டது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையை மலைவாழ் மக்களுக்குத் தந்திருக்கிறது, சுற்றுலா வந்த நமக்கு அல்ல. வீட்டில் மூலிகை வளர்ப்பதற்கு நான் காணும் மிக வலுவான நியாயமே, காட்டின் மேலுள்ள பசியை அது குறைக்கும் என்பதுதான். காட்டிலிருந்து பிடுங்கி வந்து தொட்டியில் சாகடித்தால் அந்த நியாயமும் போய்விடும். என் நன்னாரி செத்தபின் நாற்றுப்பண்ணையில் வேர்விட்ட கன்று ஒன்றை வாங்கி நட்டேன். மூன்றாவது வருடமாக வேலியில் படர்ந்திருக்கிறது.

கரைசலுக்கு இலை வேண்டுமா? எருக்கும் நொச்சியும் உண்ணிச்செடியும் கள்ளக்குறிச்சிச் சாலையோரத்திலேயே கிடக்கின்றன. காட்டை ஆக்கிரமிக்கும் உண்ணிச்செடியை எவ்வளவு வெட்டினாலும் காடு வாழ்த்தும். கரியாலூருக்குப் போகிறவர்கள் தேன் வாங்குங்கள், சாமை வாங்குங்கள், கடுக்காய் வாங்குங்கள். வேரோடு பிடுங்கிய எதையும் யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். ஆசையாக இருந்தால் விதை கேளுங்கள்.