தறிவீட்டுக்கு ஐம்பது மி.மீ.

ஆரணியின் பட்டுத்தறிகளைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுக்க ஒரே ஒரு லென்ஸ் என்றால், ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கான 50 மி.மீ., எஃப் 2 லென்ஸைத்தான் சொல்வேன்.

குழித்தறி உள்ள அறையில் இடமும் குறைவு, வெளிச்சமும் குறைவு. 35 மி.மீ. லென்ஸ் சுவர், பரண் எல்லாவற்றையும் அள்ளிவிடும். 50 மி.மீ. நெசவாளரின் முகம், நாடா ஓட்டும் கை, இழுத்துக் கட்டிய பாவு என வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். எஃப் 1.4 இரண்டு மடங்கு ஒளி தரும். கனமும் விலையும் கூடும். ரேஞ்ச்ஃபைண்டரில் துள்ளும் கண்ணாடி இல்லை. 1/30 நொடியிலும் கையில் அசையாமல் பிடிக்கலாம். 400 வேக ஃபிலிமுக்கு எஃப் 2 போதும்.

சேலையின் சிவப்பு உடலும் பச்சைக் கரையும் ஃபிலிமில் ஒரே சாம்பலாகிவிடக்கூடும். வெயிலில் ஆரஞ்சு ஃபில்டர் போட்டால் சிவப்பு வெளுத்து, பச்சை இருண்டு, கரை தனியே எழும். மென்மையான கான்ட்ராஸ்ட் கொண்ட பழைய லென்ஸ்கள் ஜரிகையின் மினுக்கையும் குழியின் இருளையும் சேர்த்தே காக்கும்.

ஒரே லென்ஸோடு வேலை செய்வதற்கு ஆரணி இருக்கும் இந்த மாவட்டத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களில் திருவண்ணாமலையில் படமெடுத்த ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸான், வாழ்நாள் வேலையில் பெரும்பகுதியை லைக்காவும் 50 மி.மீ. லென்ஸுமாகவே முடித்தவர். ஒரே லென்ஸோடு பழகினால், எங்கே நிற்பது என்பதைக் கால்களே கற்றுக்கொள்ளும்.