விலை உயர்ந்த குண்டு எங்கே கைகொடுக்கிறது?

1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் காட்டில் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் ஒரு மூஸ் மானைச் சுட்டார். காய்ந்த சேறு அப்பிக் கிடந்த உடலில் குண்டுகள் ஆழமாக இறங்காமல் மேலாகவே சிதறின. அவர் கையில் இருந்தது வேகத்துக்குப் பேர்போன .300 எச் அண்ட் எச் மேக்னம் ரைஃபிள். அந்த வேகத்தைத் தாங்கும் கட்டுமானம் அன்றைய சாதாரணக் குண்டில் இல்லை. நாஸ்லர் குண்டின் நடுவே ஒரு செம்புத் தடுப்பு வைத்து, ஈயத்தை முன்னும் பின்னுமாக இரண்டு அறைகளில் அடைத்தார். முன்பாதி விரிந்து சிதறினாலும் பின்பாதி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ‘பார்ட்டிஷன்’ என்ற பெயரில் 1948இல் அது விற்பனைக்கு வந்தது.

இன்று வீட்டிலேயே தோட்டா அடைக்கும் அமெரிக்க வேட்டைக்காரர் முன்னால் பத்துப் பன்னிரண்டு வகை உயர்விலைக் குண்டுகள் நிற்கின்றன. விலை சாதாரணக் குண்டைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. இவற்றை வாங்குவதில் நியாயம் உண்டு. ஆனால் வாங்கும் காரணம் பல நேரம் பிசகிவிடுகிறது.

விளம்பரங்கள் ‘எடை தக்கவைப்பு’ என்ற ஒற்றை எண்ணையே முன்னிறுத்துகின்றன. முழுச் செம்பில் செய்த குண்டு மானைத் துளைத்த பிறகும் தன் எடையை ஏறக்குறைய முழுதாக வைத்திருக்கும். பார்ட்டிஷன் சுமார் மூன்றில் ஒரு பங்கை இழக்கும். இதைப் பார்த்து முன்னதே மேல் என்று முடிவுகட்டுவது தவறு. பார்ட்டிஷன் இழக்கும் அந்த ஈயம்தான் நுரையீரலில் அகலமான காயத்தை உண்டாக்கி, விலங்கைச் சீக்கிரம் வீழ்த்துகிறது. ஒரு விலங்கைக் கொல்வதென்று முடிவெடுத்தவருக்கு அது வேதனைப்படும் நேரத்தைக் குறைக்கும் கடமை இருக்கிறது. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட சதவீதம் அந்த நேரத்தைச் சொல்வதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி, குண்டு விலங்கைத் தொடும்போது என்ன வேகத்தில் இருக்கும் என்பது. .308 ரைஃபிளிலிருந்து நொடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்பும் குண்டு 500 கஜத்தில் ஏறத்தாழ 1,800 அடிக்கு இறங்கிவிடும். கெட்டியான செம்புக் குண்டுகள் பல அந்த வேகத்தில் அரைகுறையாகவே விரியும். ஊசித் துளைபோல் போய்விடும் அபாயமும் உண்டு. மேக்னம் ரைஃபிளால் ஐம்பது கஜத்தில் எல்க் மானின் தோள் எலும்பில் சுட நேர்ந்தால் நிலைமை தலைகீழ். அங்கே சாதாரணக் குண்டு நொறுங்கும், உயர்விலைக் குண்டு ஒவ்வொரு காசுக்கும் பதில் சொல்லும்.

கையால் அடைப்பவருக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெடிமருந்தின் அளவு அவர் கையில். கையேடு சொல்லும் வரம்புக்குள் வேகத்தைச் சற்று இறக்கினால், ஒயிட்டெயில் மான் அளவுள்ள விலங்குக்குச் சாதாரணக் குண்டே ஒழுங்காக விரிந்து வேலை செய்யும். வேகத்தைக் கூட்டிவிட்டு, அதைச் சமாளிக்க விலையையும் கூட்டுவது பலரிடம் பழக்கமாகிவிட்டது.

இருந்தாலும் செம்பின் பக்கம் ஒரு கனமான வாதம் இருக்கிறது. சிதறும் ஈயத் துகள்கள் இறைச்சியிலும், காட்டில் விட்டுவரும் குடலிலும் தங்குகின்றன. 1982இல் 22 பறவைகளாகச் சுருங்கிப்போன கலிஃபோர்னியக் காண்டோர் கழுகு இன்றும் அந்தக் குடலைத் தின்று ஈய நஞ்சால் சாகிறது. 2008இல் வடக்கு டகோடாவில், ஏழைகளுக்குக் கொடையாக வந்த மான் கொத்துக்கறியில் ஈயம் தெரிந்து அதை ஒதுக்கச் சொன்னார்கள். கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்துவிட்டது. குடும்பத்துக்கு உணவாகப்போகும் இறைச்சி என்றால், இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

செம்புக்கு மாறுகிறவர் பழைய அளவுகளை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைவு. அதே எடைக்குக் குண்டு நீளும், பித்தளைக் கூட்டுக்குள் மருந்தின் இடத்தைத் தின்னும், அழுத்தம் மாறும். அந்தக் குண்டுக்கென்றே வெளியிட்ட அளவுப் பட்டியலைத்தான் பின்பற்ற வேண்டும். குழலின் வரிப்பள்ளத்திலிருந்து அங்குலத்தில் இருபதில் ஒரு பங்காவது குண்டு விலகி நிற்பது நல்லது. பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு முறுக்குள்ள பழைய .308 குழல்கள் நீளமான குண்டைச் சரியாகச் சுழற்றாமல் போகலாம். அதனால் 180 கிரெயின் ஈயக் குண்டுக்குப் பழகியவர் செம்பில் 150 கிரெயினுக்கு இறங்குவதே சரி. எடை குறைந்தாலும் அது ஆழத்தில் பின்தங்காது.